படர்தாமரை: சிவப்பு அடங்கியது, பூஞ்சை அடங்கவில்லை

தலைத்தோல் நோய்கள் சிலவற்றுக்குப் பூஞ்சையே காரணம் என்று 1840களில் பாரிஸில் டேவிட் க்ரூபி நிறுவினார். அந்தப் பூஞ்சையைத் தோல் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது விளங்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின. அதுவரை மேற்தோல் ஒரு மதிற்சுவராகவே கருதப்பட்டது. 1981இல் தாமஸ் லூகர் குழுவினர், மேற்தோல் செல்கள் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் ஒரு பொருளைத் தாமே சுரக்கின்றன என்று காட்டினர். அது பின்னர் இன்டர்லூக்கின்-1 என்று அடையாளம் காணப்பட்டது. சுவருக்குள் காவலர் இருப்பது தெரியவந்தது.

படர்தாமரைப் பூஞ்சை உயிருள்ள திசுவைத் தீண்டுவது அரிது. தோலின் இறந்த மேலடுக்கிலுள்ள கெரட்டினைச் சிதைத்தே அது வாழ்கிறது. எனினும் அதன் செல்சுவரின் சர்க்கரைப் பொருள்களை, கீழேயுள்ள கெரட்டினோசைட்டுகள் தம் ஏற்பிகளால் உணர்ந்துவிடுகின்றன. உடனே டிஃபென்சின்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-8 மூலம் நியூட்ரோபில்களை வரவழைக்கின்றன. மேலடுக்கை விரைந்து உதிர்த்துப் பூஞ்சையையும் உடன் தள்ளுகின்றன. நோயாளி காணும் சிவந்த வளையம் இப்போரின் எல்லைக்கோடு. நடுப்பகுதி தெளிந்திருப்பது, அங்கே பூஞ்சை பெரும்பாலும் பின்வாங்கிவிட்டதால்தான். இந்தக் காவல் எத்துணை இன்றியமையாதது என்பதை 2013இல் வெளியான வட ஆப்பிரிக்கக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு காட்டியது: பூஞ்சையை உணர்ந்த செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் கார்டு9 புரதம் பிறவியிலேயே செயலற்றிருந்தவர்களுக்கு, அதே சாதாரணப் பூஞ்சை தோலைக் கடந்து நிணநீர்க் கணுக்கள் வரை சென்றிருந்தது. சிலர் உயிரிழந்தனர்.

இந்தியாவின் அண்மைக்கால வரலாற்றை இங்கிருந்துதான் படிக்க வேண்டும். 1952இல் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோல்மீது பூசி வெற்றி கண்டனர். 1968இலேயே ஐவ், மார்க்ஸ் இருவரும் ஸ்டீராய்டு பூச்சால் உருமாறி அடையாளம் தெரியாது போகும் படர்தாமரையை விவரித்து எச்சரித்தனர். ஆயினும் வீரியமிக்க ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியக்கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த களிம்புகள் இந்திய மருந்துக்கடைகளில் சீட்டின்றி விற்பனையாயின. ஸ்டீராய்டு, கெரட்டினோசைட்டின் அழற்சிச் சமிக்ஞையை அடக்குகிறது. அரிப்பு நின்றது, வளையம் மங்கியது, பணம் கொடுத்தவர் மகிழ்ந்தார். பூஞ்சை இடையூறின்றிப் பரவியது. 2018இல்தான் 14 ஸ்டீராய்டு பூச்சுமருந்துகள் மருத்துவர் சீட்டு கட்டாயமான அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவரப்பட்டன. எச்சரிக்கைக்கும் ஆணைக்கும் இடையே சரியாக 50 ஆண்டுகள்.

மருந்து எதிர்ப்பு இதனோடு பிணைந்த, ஆனால் வேறான கதை. டெர்பினாஃபின் தாக்கும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியின் மரபணுவில் நிகழ்ந்த மாற்றமே அதன் வேர். களிம்பின் தலையில் முழுப்பழியையும் ஏற்றுவது அறிவியலாகாது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியர் ஒருவரிடமும் நேபாளி ஒருவரிடமும் கண்ட அத்தகைய பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டனர். இந்தியாவின் பெயரைச் சுமந்த அப்பூஞ்சை இன்று ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுக்கூடங்களிலும் பதிவாகிறது.