ஏரி காத்த ஊரும் மனை காணாத சேரியும்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் அவ்வூரை ஆண்ட மன்னன் யார், அங்கே கோயில் எழுப்பியவன் யார், அதற்கு வந்து போன துரைமார் யார் என்றே கேட்கின்றனர். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. அவ்வூரில் நிலம் யார் பெயரில் இருந்தது? வீடு நின்ற மனை யாருக்கு உரியது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை கண்டால் கல்வெட்டு சொல்லாத வரலாறும் நமக்கு விளங்கும். வெள்ளிவிழாக் காணும் இந்நேரத்தில், கல்விக் கழகத்தின் இளைஞர்கள் மதுராந்தகம் என்னும் ஏரிக்கரைச் சிற்றூரை முன்வைத்து இதனைச் சிந்திக்க வேண்டும் என விரும்புகிறோம்.

மதுராந்தகம் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில் அமைந்த ஊர். சோழ மன்னர் தாங்கிய விருதுப் பெயரே ஊர்ப் பெயராயிற்று. மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று இவ்வூர் ஏரி. கிளியாற்று நீர் இதில் வந்து சேர்கிறது. ஏரியே இவ்வூரின் உயிர். ஏரி நிறைந்தால் நன்செய் விளையும். நன்செய் விளைந்தால் கடைவீதி நிறையும். ஆனால் ஏரியின் பயன் எல்லார் வீட்டு வாயிலையும் ஒன்றுபோல் எட்டியதில்லை.

இதன் வேர் மிகப் பழமையானது. மதுராந்தகத்திற்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நாடே போற்றுகிறது. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்த செய்தி அவற்றில் உள்ளது. ஏரியைப் பேண ஏரி வாரியம் என்றே தனியாக ஒன்று இருந்தது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராகக் கூடாது என்ற விதி இன்றும் வியப்புக்குரியது. எனினும் அதே கல்வெட்டு உறுப்பினருக்குரிய தகுதிகளையும் வகுக்கிறது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். தன் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். நிலமும் மனையும் கல்வியும் மறுக்கப்பட்டவன் ஏரியைப் பற்றி வாய் திறக்க இடமில்லை என்பதே இதன் பொருள். பெருமையோடு படிக்கும் கல்வெட்டை முழுமையாகவும் படித்தல் வேண்டும்.

இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஊர்தோறும் இறை நீக்கப்பட்ட இடங்கள் வரிசையாகக் குறிக்கப்படுகின்றன. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றுடன் பறைச்சேரியும் அவ்வரிசையில் வருகிறது. குடியானவர் குடியிருப்பு ஊர் நத்தம் என்றும், நம் முன்னோர் குடியிருப்பு சேரி என்றும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரித்து எழுதப்பட்டன. இன்று வருவாய்த்துறை ஏடுகளில் நாம் காணும் பிரிவினைக்கு இத்துணை நீண்ட பரம்பரை உண்டு.

மதுராந்தகம் கோயிலுக்கு ஏரி காத்த இராமர் கோயில் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். பெருமழையில் ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்ததென்றும், கலெக்டர் இரவில் கரையைப் பார்வையிடச் சென்றபோது வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்றும், அதன் நன்றியாகத் தாயார் சன்னிதித் திருப்பணியைச் செய்து கொடுத்தார் என்றும் கோயில் மரபு கூறுகிறது. ஒருவர் நம்பிக்கையை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் ஓராண்டில் ஓரிரவு மட்டுமா ஏரிக்குக் காவல் தேவைப்பட்டது? ஒவ்வோர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும், இடி மின்னலுக்கு நடுவே கரையில் நடந்து, கசிவு கண்ட இடத்தில் மண் கொட்டி, மதகைத் திறந்தும் அடைத்தும், வயலுக்கு வயல் நீரை முறை வைத்துப் பாய்ச்சியவர் யார்? இப்பகுதிக் கிராமங்களில் அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். அவர் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவராகவே இருந்தார். அவருக்குக் கூலி, களத்தில் அளந்து போட்ட நெல். ஏரியின் கடைமடை வரை எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை விரல் நுனியில் வைத்திருந்த அவருக்கு, அந்த நீர் பாயும் வயலில் ஒரு காணியும் பெரும்பாலும் சொந்தமாக இருந்ததில்லை. ஏரி காத்தவர் வரிசையில் அவருடைய பெயரையும் சேர்த்து எழுதுவது நம் கடமை.

காணி என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். அது நில அளவையும் குறிக்கும். வழிவழி உரிமையையும் குறிக்கும். தொண்டை மண்டலத்தில் காணியாட்சி என்றும், பிற்காலத்தில் மிராசு என்றும் வழங்கிய அவ்வுரிமையைப் பற்றி எல்லிஸ் துரை 1818ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். மிராசுதார் விளைநிலத்திற்கு மட்டும் உரியவர் அல்லர். ஊர்த் தரிசின்மீதும் முன்னுரிமை கொண்டாடினார். சேரி நின்ற மண்ணும் தமதே என்றார். எனவே படியாளாக உழைத்த நம் முன்னோர் கூலி உயர்த்திக் கேட்டால் வேலை மட்டும் போவதில்லை, குடிசையும் போயிற்று. சொந்த மனை இல்லாதவனுக்குச் சொந்தக் குரல் இல்லை. அடிமைத்தனத்தின் தாழ்ப்பாள் வயலில் மட்டுமன்றி வாசற்படியிலும் இருந்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இதனை அரசுக்கு எடுத்துரைத்தவர் செங்கல்பட்டுக் கலெக்டராகப் பொறுப்பு வகித்த டிரெமென்ஹீர். 1891ஆம் ஆண்டில் அவர் எழுதிய அறிக்கை, இம்மாவட்டத்துப் பறையர் நிலைமையை ஆராய்ந்தது. தரிசு நிலம் கேட்டு மனுக் கொடுத்தால் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நின்றதையும், குடியிருக்கும் மனையும் சொந்தமாக இல்லாததையும், தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த கடனையும் அவர் எடுத்துக் காட்டினார். நிலமும் மனையும் பள்ளியும் தர வேண்டும் என்பது அவர் கருத்து. செங்கல்பட்டுப் பகுதியில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரு போன்ற கிறித்தவப் பாதிரிமாரும் இதற்காகக் குரல் கொடுத்தனர். 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை அரசு பிறப்பித்த ஆணை, தாழ்த்தப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்குவதற்கு வழி திறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இவ்வழியில் வந்ததே.

அதே காலத்தில் நம்மவரும் வாய் மூடி இருந்தாரல்லர். மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவென்று பிறர் வீசிய பெயரையே இதழின் முகப்பில் ஏற்றினார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றம் 1924இல் தீர்மானம் நிறைவேற்றியபோது அவர் அவ்வவையில் இருந்தார். ஏரிக்கரைச் சீமையில் பிறந்த ஒருவர், நீரும் வழியும் பொதுவாக்கப்பட்ட அவையில் இருந்தார் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

நிலம் வந்தது. வந்த நிலம் எங்கே போயிற்று? இதுவே நம் வரலாற்றில் மிக வருத்தம் தரும் பகுதி. ஒதுக்கப்பட்ட நிலத்திற்கு நிபந்தனை உண்டு. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு அந்நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இத்துணைக் காப்பு இருந்தும் நிலம் கைமாறியது. மழை பொய்த்த ஆண்டில் விதை நெல்லுக்கு வாங்கிய கடன், திருமணத்திற்கும் சாவுக்கும் வாங்கிய கைமாற்று, படிக்கத் தெரியாதவர் வைத்த கைநாட்டு ஆகியவை நிபந்தனையை வென்றன. அடமானம் என்று சொல்லி எழுதியது கிரயமாக இருந்தது. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கே பட்டா மாறிய இடங்கள் உண்டு. பழைய ஏட்டில் இருந்த 'டி.சி.' என்னும் குறிப்பு புதிய ஏட்டில் விடுபட்ட இடங்களும் உண்டு. கலப்பையால் இழந்ததைவிட நாம் காகிதத்தால் இழந்ததே மிகுதி.

இழந்ததை மீட்க எழுந்த போராட்டத்தையும் இம்மாவட்டமே கண்டது. மாமல்லபுரத்தை அடுத்த காரணை என்னும் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி மக்கள் திரண்டனர். 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். நூறாண்டுக்கு முன் தாளில் எழுதப்பட்ட ஓர் ஆணையை நிறைவேற்றுமாறு கேட்டதற்கு இரண்டு உயிர்கள் விலையாயின. அவர்கள் பெயரைச் சொல்லாமல் செங்கல்பட்டின் நில வரலாற்றை எவரும் எழுத இயலாது.

இன்று ஏரிக்கரை வேறு கோலம் கொண்டுள்ளது. சென்னை தெற்கே வளர வளர, மறைமலை நகர், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று பெருவழி நெடுகிலும் வண்ணக் கொடிகளும் எல்லைக் கற்களும் முளைத்தன. நெல் விளைந்த வயல் கிரவுண்டுக் கணக்கில் கூறுபோடப்படுகிறது. முன்பு காணி என்றும் ஏக்கர் என்றும் பேசியவர்கள் இப்போது சதுர அடி என்று பேசுகின்றனர். 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு என்பது பள்ளிச் சிறுவனுக்கும் தெரிகிறது. ஏரிக் காற்று வீசும் மனை என்று தரகர் புகழ்கிறார். ஏரியோரம் சேரியில் வாழ்ந்ததை இழிவென்ற உலகமே ஏரியோர மனைக்கு இன்று மிகை விலை கொடுக்கிறது.

இதில் நம்மவர்க்கு இருவகை இடர் உண்டு. முதலாவது விற்போர்க்கு வரும் இடர். பஞ்சமி நிலத்தை வைத்திருக்கும் முதியவரிடம் பொது அதிகாரப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கினால் போதும் என்று வருவோர் உளர். கையில் வரும் முன்பணம் ஓராண்டு நிற்காது. போன நிலமோ பேரன் காலத்திலும் திரும்பாது. இரண்டாவது வாங்குவோர்க்கு வரும் இடர். அரசுப் பணியிலும் தொழிற்சாலையிலும் சேர்ந்த நம் இளைஞர், சேரியை விட்டு வெளியே சொந்த மனை வாங்க விழைகின்றனர். அது நியாயமான விருப்பம். ஆனால் அங்கீகாரமற்ற மனைப் பிரிவுகளில் சேமிப்பை முடக்கியோர் பலர். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது அவர்கள் திகைத்து நின்றனர். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்த பின்னரே பலருக்கு வழி பிறந்தது.

ஆகவே நிலம் குறித்த சில உண்மைகளை நம் இளைஞர் பாடமாகவே கற்றல் வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். அரசு விதித்த நிபந்தனையைக் காட்டாது. நிபந்தனையைக் காண வேண்டுமாயின் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய அ-பதிவேட்டைப் பார்க்க வேண்டும். 1979க்கு முந்திய ஏட்டையும் ஒப்பிட வேண்டும். பத்திரம் பதிவானதாலேயே உரிமை உறுதியாகிவிடாது. நத்தம் வேறு, நீர்நிலைப் புறம்போக்கு வேறு. நத்தத்து மனைக்குப் பட்டா பெறலாம். ஏரிப் புறம்போக்கில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பட்டா கிடைப்பதரிது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச் சட்டமே வந்தது. வேறு இடம் மறுக்கப்பட்டமையால் கரையோரம் ஒதுங்கியவர்களே அச்சட்டத்தின்முன் முதலில் நிற்கின்றனர். அத்தகையோருக்கு மாற்று மனை கேட்டு முறையாக மனு எழுதித் தருவது படித்தவர் கடன். ஏரியும் அழியலாகாது, ஏழையும் தெருவில் நிற்கலாகாது.

சட்டம் நமக்குத் துணை நின்ற நேரங்களும் உண்டு என்பதை மறத்தல் கூடாது. நில உடைமையாளரின் மண்ணில் குடியிருந்த உழவுத் தொழிலாளர்க்கு அக்குடியிருப்பையே உரிமையாக்கிய சட்டம் 1971இல் வந்தது. ஆதிதிராவிடர் நலனுக்காக, குறிப்பாக மனைக்காக, நிலம் கையகப்படுத்தும் சட்டம் 1978இல் வந்தது. காலனி என்று நாம் வழங்கும் தெருக்கள் பலவற்றின் பின்னால் இத்தகைய சட்டங்கள் உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெற்றவர் பயன் பெற்றனர். கேட்கத் தெரியாதவர் இன்றும் பட்டா இன்றியே வாழ்கின்றனர். இரு சாராரையும் பிரித்தது பெரும்பாலும் எழுத்தறிவே.

நம் முன்னோர் ஏரி நீரின் கணக்கை நினைவில் வைத்திருந்தனர்; நிலத்தின் கணக்கைப் பிறர் ஏட்டில் வைத்திருந்தனர். இரண்டு கணக்கும் நம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே கல்வி. பட்டம் பெற்ற ஒவ்வோர் இளைஞரும் தம் ஊர்ச் சேரி நத்தத்தின் எல்லை என்ன, ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு, அது இன்று யார் பெயரில் உள்ளது என்பதை ஆராய்ந்து எழுதி வைப்பாராக. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் உள்ளது. ஒரு மனுவும் சிறிது பொறுமையும் இருந்தால் பல ஏடுகள் திறக்கும். அவ்வாறு ஊருக்கு ஒரு குறிப்பேடு உருவாகுமாயின், அதுவே இவ்வெள்ளிவிழாவின் மெய்யான பயனாகும்.