சுருளும் தகடும்: திரைப்படத்தின் பாடபேதங்கள்

புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. 1894-இல் அந்நூலை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், ஏடு சிதைந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பிவிடவில்லை, புள்ளியிட்டுக் காட்டினார். நம்மில் கவிதை எழுதுவோர் பலர் அந்தப் புள்ளிகளின் முன் சற்று நின்றுதான் அடுத்த அடிக்குப் போயிருப்போம். பாட்டுக்கு ஒரு பதிப்பாசிரியர் வேண்டியிருப்பதைப் போலவே திரைப்படத்துக்கும் வேண்டியிருக்கும் என்பதை, அக்கலை தோன்றிப் பல காலம் வரை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. இன்றோ பழைய உலகத் திரைப்படங்களைச் செப்பனிட்டுப் புளூ-ரே எனப்படும் உயர்துல்லியத் தகடுகளில் வெளியிடும் பணி ஒரு பதிப்புத்துறையாகவே வளர்ந்து நிற்கிறது. அத்தகடுகளை வாங்கி அலமாரியில் அடுக்குவோரை வெறும் பொழுதுபோக்குக்காரர் என்று தள்ளிவிடுவது எளிது. அவர்கள் எதைச் சேர்த்து வைக்கிறார்கள் என்று பார்க்கப் புகுந்தால், மூலம் எது, பாடபேதம் எது என்று நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடே அங்கும் தென்படுகிறது.

ஏட்டுக்குச் செல்லும் நெருப்பும் வெளியிலிருந்து வரும் பகை. படச்சுருளுக்கோ நெருப்பு அதன் உடம்பிலேயே இருந்தது. 1950-களின் தொடக்கம் வரை வணிகப் படங்கள் நைட்ரேட் சுருளில்தான் பதிவாயின. அது பற்றிக்கொண்டால் காற்றை மூடியும் அணைக்க முடியாது. பற்றாமல் கிடந்தாலும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். ஓடி முடிந்த படத்தை வைத்துக் காப்பது வீண்செலவு என்று எண்ணிய படநிறுவனங்கள், சுருளிலுள்ள வெள்ளிக்காக அதை உருக்கியதும் உண்டு.

அயல்நாட்டுப் படங்களைக் காண, திரைப்படச் சங்கங்கள் வரவழைத்த 16 மி.மீ. பிரதிகளே ஒரு காலத்தில் வழி. பின்னர் வீடியோ கேசட் வந்தது. அதில் படத்தின் நிழல்தான் இருந்தது எனலாம். 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிரைட்டீரியன் நிறுவனம் 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' ஆகிய இரண்டையும் லேசர் தகட்டில் வெளியிட்டது. இரண்டாவது தகட்டில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறிஞர் ஒருவர் விளக்கம் சொல்லும் தனி ஒலித்தடம் இருந்தது. மூலத்தின் பக்கத்திலேயே உரையை வைக்கும் நம் வழக்கத்தை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் நல்ல நூல் எங்கும் உரையைத் தேடிக்கொள்கிறது. டிவிடியில் 480 அல்லது 576 கிடைக்கோடுகளாக இருந்த பிம்பம், 2006-இல் சந்தைக்கு வந்த புளூ-ரேயில் 1080 ஆயிற்று. படத்தின் மணித்துகள், முகத்தின் மயிர்க்கால், அரங்கச் சுவரின் ஓவியத்தீற்று யாவும் அப்போதுதான் வீட்டுத்திரையில் புலப்பட்டன. கூடவே சுருளின் காயங்களும் புலப்பட்டன. செப்பனிடுதல் தவிர்க்க முடியாததாயிற்று.

இப்பணியின் உச்சமாக நான் கருதுவது சத்யஜித் ராயின் அப்பு முப்படங்கள் மீண்டு வந்த வரலாறு. 'பதேர் பாஞ்சாலி' 1955-இலும், 'அபராஜிதோ' 1956-இலும், 'அபுர் சன்சார்' 1959-இலும் வெளிவந்தன. ராய் 1992 ஏப்ரல் 23-இல் மறைந்தார். அவர் படங்களைக் காக்கும் நோக்குடன் மூல நெகட்டிவ்கள் லண்டனில் ஹெண்டர்சன் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. 1993 ஜூலையில் அங்கே நைட்ரேட் சுருள் வெடித்துத் தீப்பற்றியது. காப்பதற்காக அனுப்பியவையே கருகின. எந்த ஆய்வகமும் தொட முடியாது என்று கைவிடப்பட்ட நிலையிலும், எஞ்சிய துண்டுகளையும் சாம்பல் படிந்த சுருள்களையும் குப்பையில் எறியாமல், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள அகாடமி திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவைத்தனர். யாரோ சிலர் அன்று காட்டிய அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவை அங்கே இருபதாண்டுகள் பெட்டியில் கிடந்தன.

2013-இல் அப்பெட்டிகள் திறக்கப்பட்டன. இத்தாலியில் பொலோனா நகரின் லிம்மாஜினே ரித்ரொவாத்தா ஆய்வகத்தார், முறுக்கி உலர்ந்துபோன சுருளுக்கு முதலில் ஈரப்பதம் ஊட்டி இளகச் செய்தனர். உருகி ஒட்டிய பசையையும் மெழுகையும் சுரண்டி நீக்கினர். ஓரத்துத் துளைகள் எரிந்துபோன இடங்களில் புதிய துளைப்பட்டைகளைக் கையால் ஒட்டினர். ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் இக்கைவேலைக்கே சென்றது என்பர். அதன்பின்னரே சட்டகம் சட்டகமாகக் கணிப்பொறிக்குள் ஏற்ற முடிந்தது. 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 விழுக்காடும், 'அபராஜிதோ'வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே கிடைத்தன. 'அபுர் சன்சார்' நெகட்டிவில் பயன்படும் பகுதி ஏதுமில்லை. குறைந்தவற்றுக்கு வெவ்வேறு நாட்டுக் காப்பகங்களிலிருந்த பிற பிரதிகளை ஒப்பிட்டு, நல்லதைத் தேர்ந்து இணைத்தனர். 2015 மே மாதம் நியூயார்க்கில் முப்படங்களும் திரையிடப்பெற்று, அவ்வாண்டு நவம்பரில் தகடுகளாக வந்தன.

ஆகவே இன்று நாம் காணும் 'பதேர் பாஞ்சாலி' ஒரே சுருளிலிருந்து எடுத்த படமன்று. பல ஏடுகளை ஒப்புநோக்கி அமைத்த பதிப்பு. தீயிலிருந்து மீண்ட காட்சி எது, மாற்றுப் பிரதியிலிருந்து வந்த காட்சி எது என்று சாதாரணப் பார்வையாளரால் பிரித்தறிய முடியாது. இணைப்பு தெரியாமல் இணைத்திருப்பது தொழில்திறம்தான். ஆயினும், எந்தப் பகுதி எந்த ஏட்டைச் சேர்ந்தது என்று அடிக்குறிப்பு தந்த நம் பதிப்பாசிரியர்களின் வழக்கம் இதற்கும் வேண்டும் என்பேன்.

இதற்கு நேர்மாறான நேர்மையை ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படத்தின் பதிப்பில் காணலாம். 1927 ஜனவரி 10-இல் பெர்லினில் திரையிட்ட முழுப்படத்தை வணிகர்கள் விரைவிலேயே வெட்டிச் சுருக்கினர். வெட்டிய பகுதிகள் அழிந்தன என்றே எண்பதாண்டுகள் நம்பப்பட்டது. 2008-இல் புவனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. நெகட்டிவ் ஒன்று அகப்பட்டது. அர்ஜென்டினாவில் ஓடித் தேய்ந்த முழுநீளப் பிரதியைப் பார்த்து எடுத்த சிறு நகல் அது. தேய்ந்த பிரதியின் கீறல்களெல்லாம் நகலிலும் பதிந்துவிட்டன. பிம்பத்தின் ஓரமும் வெட்டுண்டிருந்தது. 2010-இல் வெளியான செப்பனிட்ட படத்தில் ஏறத்தாழ 25 நிமிடங்கள் கூடின. கூடிய பகுதி வரும்போதெல்லாம் திரை சிறுத்துக் கறுப்பு ஓரம் தோன்றுகிறது; மழைத்தாரை போல் கீறல்கள் ஓடுகின்றன. அப்போதும் கிடைக்காத காட்சிகளுக்கு எழுத்தட்டைகளை வைத்துக் கதையைச் சொல்லியிருக்கின்றனர். பளபளப்பை விரும்பி உயர்துல்லியத் தகட்டை வாங்கியவர் இதைக் கண்டு முகம் சுளிக்கலாம். எனக்கோ அவை புறநானூற்றுப் புள்ளிகளாகவே தோன்றின.

இனி, கார்ல் டிரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்'. பாரிஸ் பேராயரும் அரசுத் தணிக்கையாளரும் வெட்டிய இப்படத்தின் மூல நெகட்டிவ் 1928 டிசம்பரில் பெர்லின் ஆய்வகத் தீயில் அழிந்தது. டிரையர் மனம் தளராமல், முன்பு ஒதுக்கி வைத்திருந்த மாற்றுப் பிடிப்புகளைக் கொண்டு படத்தை இரண்டாம் முறை அமைத்தார். பின்னாளில் அந்த இரண்டாம் வடிவத்தைக் கண்டெடுத்த ஒருவர், தம் விருப்பம்போல் பரோக் இசை சேர்த்து 1950-களின் தொடக்கத்தில் உலவவிட்டார். டிரையர் அதை ஏற்கவில்லை. 1968-இல் அவர் மறைந்தபோது, தாம் முதலில் ஆக்கிய படம் உலகில் இல்லை என்றே அறிந்திருந்தார். 1981-இல் ஓஸ்லோவை அடுத்த டிக்கமார்க் மனநல மருத்துவமனையின் துப்புரவுப் பொருள் வைக்கும் அறையில் சில படச்சுருள் பெட்டிகள் கிடைத்தன. நார்வே திரைப்பட நிறுவனத்துக்குப் போன அவை மூன்றாண்டுகள் பிரிக்கப்படாமலே இருந்தன. 1984-இல் பிரித்தபோது, வெட்டுக்கு முந்தைய டேனிஷ் பிரதி என்று தெரிந்தது. மருத்துவமனை அறைக்கு அது வந்த கதை இன்றும் துலங்கவில்லை.

ஆனால் மூலம் கிடைத்த பிறகும் சிக்கல் தீரவில்லை. பேசாப்படத்தை நொடிக்கு எத்தனை சட்டகம் வீதம் ஓட்டுவது? 24 என்றால் படம் ஏறத்தாழ 81 நிமிடம். 20 என்றால் 97. ஒரே முகம், ஒரே கண்ணீர்த்துளி. கன்னத்தில் அது இறங்கும் நேரம் வேறாகிறது. செய்யுளுக்கு ஓசை எப்படியோ அப்படித்தான் பேசாப்படத்துக்கு வேகம். 2012-இல் இங்கிலாந்திலும் 2018-இல் அமெரிக்காவிலும் வந்த புளூ-ரே பதிப்புகள் இரண்டு வேகங்களையும் தந்து, தீர்ப்பைப் பார்ப்பவரிடம் விட்டுவிட்டன. 20-இல் ஓடும் ஜோனே எனக்கு உவப்பானவள். 24-இல் நீதிபதிகளின் சீற்றம் கூடுகிறது, அவள் மௌனம் குறைகிறது. இதற்கு மாறுபடும் நண்பர்கள் நம் வட்டத்திலேயே இருக்கக்கூடும்.

ஆசிரியர் இல்லாதபோது இத்தனை வழக்கென்றால், ஆசிரியர் உயிரோடிருந்தால் வழக்கு தீர்ந்துவிடுமா? தீரவில்லை என்பதே வரலாறு. 1971-இல் வந்த 'தி ஃபிரெஞ்ச் கனெக்ஷன்' படத்தை இயக்குநர் வில்லியம் ஃபிரெட்கின் 2009-இல் புளூ-ரேக்கு ஆயத்தம் செய்தபோது, நிறங்களை வெளுக்கச் செய்து வேறொரு சாயல் தந்தார். அதன் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2012-இல் இருவரும் சேர்ந்து மேற்பார்த்த புதிய பதிப்பு வந்தது. பழைய நிறம் திரும்பியது. கூட்டுக்கலையில் ஆசிரியர் என்பவர் யார் என்ற வினாவை இதைவிடக் கூர்மையாக எழுப்பிய தகடு வேறில்லை.

ஹாங்காங்கின் வாங் கார்-வாய் இன்னும் ஒருபடி சென்றார். அவர் படங்கள் ஏழு, புதிதாகச் செப்பனிடப்பெற்று 2021-இல் ஒரே பெட்டியாக வந்தன. 1995-ஆம் ஆண்டின் 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' அகலத்திரை வடிவுக்கு மாறியிருந்தது. 2000-ஆம் ஆண்டின் 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்தில் பழைய பிரதிகளின் செம்மை தணிந்து பசுமை சாயல் ஏறியிருந்தது. ரசிகர் நினைவில் நின்ற வடிவத்தைத் தருவதா, தாம் முதலில் மனத்தில் கண்ட வடிவத்தைத் தருவதா என்ற இருதலை நிலையில் இரண்டாவதையே தேர்ந்ததாக அவர் விளக்கம் எழுதினார். கவிஞன் தன் தொகுதியின் மறுபதிப்பில் சொல்லை மாற்றுவதில்லையா என்று கேட்கலாம். மாற்றுகிறான், அது அவன் உரிமை. ஆனால் முதற்பதிப்பு நூலகத்திலும் நண்பன் வீட்டிலும் இருக்கிறது. மாற்றியதை ஒப்பிட்டுக் குறைகூறவும் மெச்சவும் வாசகனுக்கு வழியிருக்கிறது. அந்த வழியை அடைக்காத வரை ஆசிரியனின் திருத்தத்தை நான் மறுப்பதில்லை.

அலமாரியின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. இணையத்தின் வழியே வீடு வரும் படத்தில், புதிய பதிப்பு ஏறியவுடன் பழையது இறங்கிவிடுகிறது. இறங்கியதை அறிவிப்பாரும் இல்லை. 2012-இல் 'இன் தி மூட் ஃபார் லவ்' புளூ-ரே வாங்கியவரிடம் மட்டும் அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது. அவர் பதிப்பாசிரியருமல்லர், அறிஞருமல்லர். ஏட்டுச்சுவடியைப் பரணில் வைத்திருந்த வீட்டுக்காரர். தகட்டுக் காலமோ சுருங்கி வருகிறது. அமெரிக்காவில் தகடுகளை அஞ்சலில் அனுப்பி வந்த நெட்ஃபிளிக்ஸ், அச்சேவையை 2023 செப்டம்பரில் நிறுத்திக்கொண்டது. பெருங்கடைகள் தகட்டு வரிசைகளை அகற்றுகின்றன. சிறு பதிப்பகங்கள் சில ஆயிரம் படிகள் மட்டும் அச்சிட்டு, கட்டுரை நூலும் சேர்த்து விற்கின்றன. விற்றுத் தீர்ந்த பதிப்பு திரும்ப வருவது அரிது.

நம் நிலையையும் ஒரு சொல் சொல்லவேண்டும். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி ஒன்றுகூட இன்றில்லை. அக்காலப் படங்கள் பலவற்றுக்குப் பாட்டுப் புத்தகமே மிச்சம். செப்பனிடுவதற்கும் சுருள் வேண்டுமே. ஆனால் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உருவாகி 1948-இல் வெளியான ஒரு படம் பிழைத்தது. நடனமேதை உதயசங்கரின் 'கல்பனா' அது. மார்ட்டின் ஸ்கார்சேஸி நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளை, புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்த மூலப்பொருளைக் கொண்டு, ராயின் படங்களுக்கு உயிரூட்டிய அதே பொலோனா ஆய்வகத்தில் அதைச் செப்பனிட்டது. 2012-இல் கான் விழாவில் காட்டப்பெற்ற அப்படம், 2022-இல் ஈரான், அங்கோலா, கேமரூன் நாட்டுப் படங்களோடு ஒரே பெட்டியில் அமெரிக்காவிலிருந்து தகடாக வந்தது. அத்தகடு ஏ மண்டலத்துக்குரியது. இந்தியா சி மண்டலத்தில் இருக்கிறது. சென்னையில் எடுத்த அப்படத்தைச் சென்னையில் வாங்கிய சாதாரணக் கருவியில் இட்டால், இத்தகடு இம்மண்டலத்தில் ஓடாது என்னும் அறிவிப்பு மட்டுமே திரையில் தெரியும்.