லயத்தில் இருந்தது குற்றமா? நேவ்ஸ்மயர் வழக்கும் நம்ம கோட்டு நாட்களும்

டயகமவில் ஒரு ஆளுக்குப் பொலிசிலிருந்து அழைப்பு வந்தால் லயத்தில் முதலில் எழும் கேள்வி "எந்த ஸ்டேசன்?" என்பதுதான். அடுத்தது, "தலைவருக்குச் சொல்லியாச்சா?" அதற்கடுத்தது, "செலவு எவ்வளவு வரும்?" என்ன குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்ற கேள்வி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் வருகிறது. சில நேரம் வருவதே இல்லை. நுவரெலியா கோட்டுக்குப் போய்வந்தால் அன்றைய பேர் போய்விடும். நாலு தவணை என்றால் நாலு நாள் பேர். அதனால்தான் "ஒத்துக்கிட்டு தண்டத்தக் கட்டிட்டு வந்துருவோம், வேலையப் பாப்போம்" என்று நம்ம ஆட்கள் முடிவெடுக்கிறார்கள்.

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. தோட்டத்து மனிதருக்கும் குற்றவியல் சட்டத்துக்கும் இடையிலான உறவு தொடங்கிய விதமே அப்படி.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அதோடு சம்பளமும் பறிபோகும். துரைக்குக் கீழ்ப்படியாமல் இருந்தாலும், எதிர்த்துப் பேசினாலும் குற்றம்தான். சாதாரணமாக ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவார்கள். இங்கே வாரண்டு எடுத்தார்கள். இதோடு 'துண்டு' முறையும் சேர்ந்துகொண்டது. கடன் தீர்ந்தது என்று ஒரு சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறையும் இந்தத் தண்டனைப் பிரிவுகளும் ஒழிய 1920களின் தொடக்கம் வரை ஆனது. அதுவரை இரண்டு மூன்று தலைமுறைக்கு நீதிமன்றம் என்பது துரையின் இன்னொரு ஆபீஸ் மாதிரி இருந்தது. வழக்காடலாம், எதிர்வாதம் வைக்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்?

அது வர ஆரம்பித்தது 1930களின் கடைசியில்தான். 1937இல் மடுல்கலைப் பக்கம் தோட்டத்தில் பயிற்சித் துரையாக இருந்த அவுஸ்திரேலியர் பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் நின்று பேசியதற்காக நாடு கடத்த உத்தரவானது. எச்.வி. பெரேரா வாதாடினார், ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெள்ளைக்காரர் ஒருவருக்காக நாட்டின் சிறந்த சட்டத்தரணி எழுந்து நின்றார், சட்டமும் அசைந்தது. அது நல்ல தீர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர்களுக்கு அப்படி ஒருவர் எழுந்து நிற்க இன்னும் கொஞ்சம் காலம் எடுத்தது.

1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். இது நமக்குத் தெரிந்த கதை, மேடைகளில் கேட்ட கதை. அதிகம் பேசப்படாத பகுதி அதற்குப் பிறகு வருகிறது. சூட்டை விசாரிக்க ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். அதே நேரம் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பொலிஸ் போட்ட வழக்குகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஆணைக்குழு முடியும்வரை அவற்றை ஒத்திவைக்கக் கேட்டால் பொலிஸ் எதிர்க்கக்கூடாது என்று உள்துறை மந்திரி டி.பி. ஜயதிலக சொன்னார். பொலிஸ் மா அதிபர் இணங்கவில்லை. தேசாதிபதி கால்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். பெப்ரவரியில் மந்திரிகள் கூட்டாகப் பதவி விலகினார்கள். தோட்டத் தொழிலாளருக்கு ஒரு தவணை கேட்கப்போய் மந்திரிசபையே ஆட்டம் கண்டது! தவணை என்பது சின்ன விஷயமில்லை என்று இதைவிட யாரும் சொல்லித்தர முடியாது.

ஆனால் நாங்கள் அதிகம் பேச நினைப்பது நேவ்ஸ்மயர் பற்றி.

கேகாலை மாவட்டத்திலிருந்த இந்தத் தோட்டத்தை, காணியில்லாத கிராமத்தவருக்குப் பகிர்ந்து கொடுக்க அரசு எடுத்துக்கொண்டது. (கிராமத்தவருக்குக் காணி இல்லாமல் போனதற்கு 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டமும் ஒரு காரணம். அந்தக் கணக்கையும் கடைசியில் லயத்து ஆள்தான் தீர்க்க வேண்டியிருந்தது.) தொழிலாளருக்குப் பத்துச்சீட்டு கொடுக்கப்பட்டது. வேலை போனால் லயத்தையும் விட வேண்டும் என்பது தோட்டத்து வழமை. அவர்கள் விடவில்லை. பிறந்து வளர்ந்து, பிள்ளை பெற்று, செத்தவரைப் புதைத்த இடத்தை விட்டு எங்கே போவது? 1946இல் நூற்றுக்கணக்கானோர் மீது அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். சொந்தக் காம்பராவில் இருந்ததற்காக நீதவான் அவர்களைக் குற்றவாளிகள் என்றார். பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது.

இலங்கை இந்தியன் காங்கிரஸ் தெருவோடு நிற்காமல் மேன்முறையீட்டுக்கும் போனது. செல்வநாயகம் என்ற தொழிலாளியின் பெயரில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்ச் சேர்ந்தது. அங்கே கேள்வி ஒன்றுதான்: தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு குற்ற அத்துமீறல் என்று எதைச் சொல்கிறது? அடுத்தவர் வசமுள்ள இடத்துக்குள் போனாலோ அங்கே சட்டவிரோதமாகத் தங்கினாலோ மட்டும் அது குற்றமாகாது. ஒரு குற்றம் செய்யவோ, இடத்துக்காரரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு இருந்திருக்க வேண்டும். 'போகச் சொல்லியும் போகாவிட்டால் துரைக்கு எரிச்சல் வரும் என்று இவருக்குத் தெரியும்தானே' என்பது அரசு தரப்பு வாதம்.

தெரிவது வேறு, எண்ணுவது வேறு என்றார்கள் நீதிபதிகள். முதன்மையான நோக்கம் எதுவென்று பார்க்க வேண்டும். தனக்கு உரிமை இருக்கிறது என்று உண்மையாக நம்பி ஒருவர் தங்கியிருந்தால், சட்டப்படி அந்த நம்பிக்கை தவறாகவே இருந்தாலும், மற்றவர் எரிச்சலடைவார் என்பதற்காக மட்டும் அவர் குற்றவாளியாக மாட்டார். இவருடைய நோக்கம் யாரையும் எரிச்சல்படுத்துவதல்ல, வீட்டில் இருப்பதுதான். 1950இல் தண்டனை ரத்தானது.

இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். லயம் உங்களுக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை. வெளியேற்ற வேண்டுமானால் சிவில் வழக்குப் போடட்டும், பொலிசையும் நீதவானையும் கருவியாக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். உரிமையைப் பாதிதான் தந்தது. ஆனால் அந்தப் பாதியை வென்றது, குற்றச்சாட்டிலுள்ள வார்த்தை ஒவ்வொன்றையும் எடுத்து "இது எங்க இருக்கு?" என்று கேட்டதால்தான்.

காலத்தையும் பாருங்கள். வழக்கு தொடங்கும்போது அவர்களில் பலருக்கு வாக்குரிமை இருந்தது. முடியும்போது 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, வாக்கும் போய்விட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்த கோடாக்கன்பிள்ளை வழக்கை இதே பிரிவி கவுன்சில் 1953இல் தள்ளுபடி செய்தது. குற்றவாளி இல்லை, குடிமகனும் இல்லை.

டயகமவுக்கு வருவோம். 1956 வேலைநிறுத்தத்தில் இங்கே பொலிஸ் சூட்டில் இறந்தவர் ஏப்ரகாம் சிங்கோ, ஒரு சிங்களத் தொழிலாளி. அதற்குப் பிறகும் தோட்டத்தில் பிரச்சினை என்றால் வழக்குத்தான் முதல் ஆயுதம். 2021இல் மஸ்கெலியாப் பக்கம் ஓல்டன் தோட்டத்தில் முகாமையாளரோடு ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு 38 பேர் வேலையிழந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

இப்படி வழக்குகளில் பெரும்பாலும் வருவது 'சட்டவிரோதக் கூட்டம்'. ஐந்து பேரோ அதற்கு மேலோ, சட்டம் சொல்லும் ஒரு தவறான பொது நோக்கத்தோடு கூடினால் அது குற்றம். அந்த நோக்கத்துக்காக அதில் ஒருவர் அடித்தால் மற்றவரும் பொறுப்பாகலாம். பயங்கரமான பிரிவுதான். ஆனால் இங்கேயும் நேவ்ஸ்மயர் கேள்விதான்: நோக்கம் என்ன? பிரட்டுக்களத்தில் இருநூறு பேர் நின்றால், பேர் சொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் அந்த நோக்கம் இருந்ததா? நின்றது மட்டும் போதாது. இதை நீதவானிடம் சொல்ல ஒரு சட்டத்தரணி வேண்டும். 'எல்லாரும் சேந்து ஒத்துக்கிடுவோம்' என்பது ஒற்றுமை மாதிரித் தெரியும், ஆனால் ஒன்றும் செய்யாத ஆளையும் அது மாட்டிவிடும்.

ஒத்துக்கொண்டு தண்டம் கட்டினால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். முடிவதில்லை. குற்றத்தீர்ப்பு பதிவாகிறது. நாலு வருசம் கழித்துப் பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போக பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போது அது எழுந்து வந்து நிற்கும்.

இன்னும் சில விஷயம். பொலிஸ் முதலில் கோட்டுக்குக் கொடுக்கும் 'பி' அறிக்கை குற்றப்பத்திரிகை இல்லை. சாதாரண வழக்கில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை உங்களுக்கு எதிராகச் சாட்சியாக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில்தான் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அதற்கு மேலுள்ளவருக்கோ கொடுத்த ஒப்புதல் செல்லும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம்ம பெடியன்களில் எத்தனையோ பேர் தெரியாத மொழியில் கையெழுத்து வைத்து உள்ளே போனது அப்படித்தான். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், விளக்கத்தில் சட்டத்தரணி மூலம் பேச இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. 24ஆம் உறுப்புரைப்படி வழக்கைத் தமிழில் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்புக் கேட்கலாம். சிங்களத்தில் வாசித்ததற்குத் தலையாட்டாமல் "வெளங்கல, தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

காசில்லாதவருக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. முதல் தவணைக்கு முன்னாலேயே போக வேண்டும், ஒத்துக்கொண்ட பிறகு போனால் அவர்களுக்கும் செய்ய அதிகம் இருக்காது. போகும்போது பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், வழக்கு இலக்கம், தோட்டம் கொடுத்த கடிதங்கள், அன்று பேர் போட்ட விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். லயத்தைக் காலி செய்யவில்லை என்று அத்துமீறல் வழக்குப் போட்டிருந்தால், செல்வநாயகம் வழக்கு என்று சொல்லிப்பாருங்கள். சட்டம் படித்த எந்தச் சட்டத்தரணிக்கும் அந்தப் பேர் தெரியும்.