நாட்பட்ட கீழ்முதுகு வலி: மறுவாழ்வு முறைகளின் வரலாறு

விலா எலும்புகளின் அடிப்பகுதிக்கும் பிட்டத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியே நாட்பட்ட கீழ்முதுகு வலி எனப்படுகிறது. தென்காசி மாவட்டத்தின் சுரண்டை வட்டாரத்தில் வயல் வேலை, சுமை தூக்குதல், மடியில் சுளகை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பீடி சுற்றுதல் ஆகியவை பலரின் பிழைப்பு. இவர்களுக்கு இடுப்பு வலி என்பது அன்றைய கூலி பற்றிய கேள்வியும் ஆகும்.

ஓய்விலிருந்து இயக்கத்திற்கு

1934-இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கினர். அதன்பின் முதுகு வலியின் காரணத்தைத் தட்டில் தேடுவதும், நோயாளியைப் படுக்க வைப்பதும் வழக்கமாயின. 1969-இல் சுவீடனில் தோன்றிய 'முதுகுப் பள்ளி', குனிதல், தூக்குதல் ஆகியவற்றைச் சரியாகச் செய்ய நோயாளிக்கே கற்பித்தது. 1986-இல் ரிச்சர்ட் டேயோ குழுவினர், ஏழு நாள் படுக்கை ஓய்வு இரண்டு நாள் ஓய்வைவிட மேலான பலன் தரவில்லை என்றும், குறைவாக ஓய்வெடுத்தவர்கள் குறைந்த நாட்களே வேலையை இழந்தனர் என்றும் காட்டினர். 1987-இல் கார்டன் வாடெல், வலியைப் பற்றிய அச்சம், மனநிலை, தொழில், குடும்பம் ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும் என வலியுறுத்தினார்.

தமிழ்நாட்டில்

இங்கு மறுவாழ்வு மருத்துவத்தின் வளர்ச்சியில் தண்டுவடக் காயமுற்றவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையை வளர்த்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. சுரண்டைக்கு அண்மையிலுள்ள ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணனும், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது தண்டுவடக் காயமுற்றவரே. பாதிப்பு முழுதும் நீங்காவிட்டாலும் செயல்திறனை மீட்கலாம் என்பதே இந்நிலையங்கள் காட்டிய நெறி. நாட்பட்ட முதுகு வலிக்கும் அது பொருந்தும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது.

இன்றைய நிலை

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயாளிக்குக் கற்பித்தல், உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, மசாஜ் போன்றவற்றை ஏற்கிறது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. எனவே குற்றாலத்து எண்ணெய்த் தேய்ப்பு இதம் தரலாம். ஆனால் அது மட்டும் போதாது. நடைப்பயிற்சி, தசைகளை வலுவாக்கும் பயிற்சி, வேலையின் நடுவே எழுந்து நடமாடுதல் ஆகியவை தொடர வேண்டும். கால் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் தடை, காய்ச்சல், காரணமற்ற எடை இழப்பு ஆகியவை வலியுடன் சேர்ந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.