சுவரில் எழுதிய மருத்துவம்: ஒரு சின்ன வரலாறு

1/ சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம் பக்கம் போனவங்க அந்த முகங்களைப் பார்த்திருப்பீங்க. நிலையத்தோட வெளிச்சுவர்ல பெரிசு பெரிசா மனித முகங்கள். நிறைய பேர் போட்டோ எடுத்துப் போடுறாங்க. அழகான வேலை, சந்தேகமே இல்ல. ஆனா அது எதுக்காக வரையப்பட்டதுன்னு பலருக்குத் தெரியல. அதுக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/ 2021ல வரையப்பட்ட அந்த ஓவியத்தோட பேர் 'வீ ஆர்'. 'நாம்'னு வச்சுக்கலாம். ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் சேர்ந்து செஞ்சது. வரைஞ்சது ஏ-கில், கத்ரா என்ற ஓவியர்கள். அந்த முகங்கள்ல எச்ஐவியோட வாழ்றவங்களும் இருக்காங்க, எச்ஐவி இல்லாதவங்களும் இருக்காங்க. யார் யாருன்னு எங்கயும் எழுதல. பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

3/ முடியாது என்பதுதான் ஓவியத்தோட செய்தி. ஒரு டாக்டரா எனக்கு இது சாதாரண விஷயமாத் தெரியல. ஏன்னா நோய் பத்தி நம்ம சுவர்கள் 70 வருஷமா பேசிட்டிருக்கு. பெரும்பாலும் இப்படிப் பேசினதே இல்ல. முதல்ல கணக்கு எழுதுச்சு, அப்புறம் கட்டளை போட்டுச்சு, அப்புறம் பயமுறுத்துச்சு. முகம் காட்டினது ரொம்பப் பின்னாடிதான். வரிசையாப் பார்ப்போம்.

4/ அனுமதி கேட்காம அடுத்தவங்க சுவர்ல எழுதுறதுதான் கிராஃபிட்டின்னா, இந்தியாவோட மிகப்பெரிய கிராஃபிட்டி கலைஞர் சுகாதாரத் துறைதான். சிரிக்காதீங்க, நிஜம். 1953ல தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், 1958ல ஒழிப்புத் திட்டம். வீடு வீடாப் போய் டிடிடி மருந்து அடிச்சாங்க. அடிச்ச தேதியை வீட்டுச் சுவர்லயே அச்சுத்தகடு வச்சுப் பதிச்சுட்டுப் போனாங்க.

5/ ஆண்டுக்கு 7.5 கோடி பேருக்கு மலேரியான்னு மதிப்பிட்ட நாடு இது. 1965 வாக்குல அது சுமார் 1 லட்சமாச்சு. அந்தச் சரிவுக்கு சாட்சி சுவர்ல இருந்த தேதிகள். மேற்பார்வையாளர் வந்து பார்த்தா இந்த வீட்டுக்கு எப்ப மருந்து அடிச்சாங்க, அடுத்து எப்ப அடிக்கணும்னு தெரிஞ்சுடும். வீட்டுக்கே ஒரு கேஸ் ஷீட் மாதிரி. (1976ல மலேரியா திரும்பி வந்து 64 லட்சத்தைத் தொட்டது தனிக்கதை.)

6/ பெரியம்மை ஒழிப்புலயும் இதே முறை. 1970களில் தேடுதல் பணியாளர்கள் வீடு வீடாப் போய்க் கேட்பாங்க, வந்துபோன தேதியை சுவர்ல எழுதுவாங்க. நோயாளி இருக்கிற இடத்தைச் சொன்னா பரிசுன்னும் அறிவிச்சாங்க. அந்தப் பரிசு கடைசியில 1000 ரூபாய் வரைக்கும் போச்சு. இந்தியாவோட கடைசி பெரியம்மை நோயாளிகள் 1975 மே மாதம். 1977ல நாடு பெரியம்மை இல்லாததா அறிவிக்கப்பட்டது.

7/ போலியோ காலம் நம்ம பலருக்கும் ஞாபகம் இருக்கும். சொட்டு மருந்து கொடுத்துட்டுக் கதவு ஓரத்துல சாக்பீஸால ஒரு குறி. எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாச்சுன்னா 'பி'. யாராவது விட்டுப்போனா 'எக்ஸ்'. கூடவே தேதி, குழு எண், அடுத்த வீடு எந்தப் பக்கம்னு ஒரு அம்புக்குறி. 1995ல தொடங்கின பல்ஸ் போலியோவுல கடைசி நோயாளி 2011 ஜனவரியில, மேற்கு வங்கத்துல. 2014 மார்ச்ல சான்றிதழ் வந்துச்சு.

8/ இந்த மூணுலயும் ஒரு பொது விஷயம் இருக்கு. அந்தக் குறிகள் படிக்கிற மக்களுக்காக எழுதினது இல்ல, அடுத்து வரப்போற இன்னொரு ஊழியருக்காக எழுதினது. அதனால யாரும் அவமானப்படல. 'எக்ஸ்' போட்ட வீட்டைப் பார்த்து அந்த வீட்டுக்குப் பொண்ணு கொடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. சிக்கல் வந்தது சுவர் மக்களைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சப்போதான்.

9/ சிவப்பு முக்கோணம். 1960களில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்காக தீப் தியாகி என்ற மத்திய அரசு அதிகாரி கொண்டுவந்தது. தலைகீழ் முக்கோணம், பக்கத்துல அப்பா, அம்மா, பையன், பொண்ணுன்னு சிரிக்கிற 4 முகங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியணும், எந்த மாநிலத்துலயும் புரியணும், உள்ளூர்ப் பெயின்டர் யாரா இருந்தாலும் எளிதா வரையணும். டிசைன்னு பார்த்தா பிரமாதம்.

10/ ஓட்டுக்குச் சின்னம் வரைஞ்ச அதே கைகள்தான் நம்ம ஊர்ல இதையும் வரைஞ்சது. தேர்தல்னா கட்சிச் சின்னம், தேர்தல் முடிஞ்சா 'நாம் இருவர் நமக்கு இருவர்'. தமிழ்நாட்டுல சுவர் எழுத்து ஒரு தொழில், ஒரு கலை. சுவர் விளம்பரத்தைக் கட்டுப்படுத்த 1959லயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் நம்மது. அவ்வளவு எழுதியிருக்கோம்!

11/ அப்புறம் எமர்ஜென்சி வந்தது. 1976-77 ஒரே வருஷத்துல 80 லட்சத்துக்கும் மேல கருத்தடை அறுவை சிகிச்சை. பல இடங்கள்ல கட்டாயப்படுத்தி, ஆளைப் பிடிச்சுட்டுப் போய். படத்துல 4 பேர் சிரிச்சுட்டுத்தான் இருந்தாங்க. ஆனா அந்த முக்கோணத்தைப் பார்த்த மக்களுக்கு வயிறு கலங்குச்சு. 1977ல அரசாங்கம் திட்டத்தோட பேரையே 'குடும்ப நலம்'னு மாத்திடுச்சு. சுவர்ல எழுதினது எவ்வளவு அழகா இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கிறதுதான் அதுக்கு அர்த்தம் கொடுக்கும்.

12/ இப்போ எய்ட்ஸ். 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில நுண்ணுயிரியல் துறையில டாக்டர் சுனிதி சாலமன். அவரோட மாணவி நிர்மலா, சென்னையில பாலியல் தொழில் வழக்குல காப்பகத்துல வச்சிருந்த பெண்கள்கிட்ட ரத்த மாதிரி எடுத்தார். வேலூர் சிஎம்சியில பரிசோதனை. 6 மாதிரிகள் பாசிட்டிவ். இந்தியாவுல எச்ஐவி முதல்ல கண்டறியப்பட்டது இப்படித்தான், நம்ம சென்னையில.

13/ 1994ல எய்ட்ஸுக்குன்னே தனிச் சங்கம் அமைச்ச முதல் மாநிலமும் தமிழ்நாடுதான். ஆனா அப்போ கையில மருந்து இல்ல. 1996ல கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தாலும் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல. அரசு ஆஸ்பத்திரிக்கு அது எட்டாக்கனி. டாக்டர்கிட்ட மருந்து இல்லாதப்போ சுவர்கிட்ட என்ன இருக்கும்? பயம்தான் இருந்துச்சு.

14/ 90களில் வளர்ந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'எய்ட்ஸ் ஓர் உயிர்க்கொல்லி நோய்'. கூடவே மண்டை ஓடு, எலும்புக்கூடு. நாம மட்டும் இல்ல, உலகமே இதைத்தான் பண்ணுச்சு. ஆஸ்திரேலியாவுல 1987ல வந்த டிவி விளம்பரத்துல எமன் மாதிரி ஒரு உருவம் பந்தை உருட்டி மனுஷங்களைச் சாய்க்கும். பிரிட்டன் விளம்பரத்துல கல்லறைக் கல்.

15/ 2000களின் தொடக்கத்துல 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?'. ஊரெல்லாம் அதே கேள்வி. ராஜான்னு பேர் வச்சவன் எல்லாம் கிளாஸ்ல மாட்டிக்கிட்டான். நியாயமாச் சொல்லணும்னா, வாயே திறக்காத ஒரு விஷயத்தை டீக்கடையில பேச வச்ச பிரச்சாரம் அது. சின்ன சாதனை இல்ல. ஆனா அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு அர்த்தமும் இருந்துச்சு. 'தப்புப் பண்ணவனுக்கு வரும்' என்பதுதான் அது.

16/ கணவர்கிட்ட இருந்து தொற்று வந்த மனைவி அந்தப் படத்துல எங்க? பிறக்கும்போதே தொற்றோட பிறந்த குழந்தை எங்க? நான் பார்க்கிற பெண் நோயாளிகள்ல பலர் கேட்கிற முதல் கேள்வி 'நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?'. அந்தச் சுவர்களை 20 வருஷம் முன்னாடியே வெள்ளையடிச்சாச்சு. எழுத்து மட்டும் மனசுல இருந்து போகல.

17/ இதே காலத்துல உலகத்துல இன்னொரு சுவரும் இருந்துச்சு. கீத் ஹாரிங், நியூயார்க் ஓவியர். சுரங்க ரயில் நிலையங்கள்ல சாக்பீஸால வரைஞ்சு பிரபலமானவர். அவருக்கே எச்ஐவி. 1989 பிப்ரவரியில பார்சிலோனாவுல ஒரு நலிஞ்ச பகுதியில நீளமான சுவர்ல சிவப்புப் பெயின்டால ஒரே நாள்ல வரைஞ்சார். எல்லாரும் சேர்ந்தா எய்ட்ஸை நிறுத்தலாம்னு தலைப்பு. மறுவருஷம் இறந்துட்டார். வயசு 31.

18/ கூட்டு மருந்துச் சிகிச்சை வராத காலத்துலயும் 'சேர்ந்து'ன்னு ஒரு வார்த்தையை சுவர்ல எழுத முடிஞ்சிருக்கு, பாருங்க. அதை எழுதினது நோயாளி. மண்டை ஓடு வரையச் சொன்னவங்க யாரும் நோயாளிகள் இல்ல. நோயைப் பத்தி யார் எழுதுறாங்க என்பதுலயே பாதி செய்தி இருக்கு.

19/ அப்புறம் நிலைமை மாறுச்சு. 2001ல நம்ம ஊர் சிப்லா நிறுவனம் வருஷத்துக்கு 350 டாலருக்கு மருந்து தர்றோம்னு அறிவிச்சது. 2004 ஏப்ரல் 1ல இருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவச ஏஆர்டி சிகிச்சை. நாடு முழுக்க முதல்ல 8 மையங்கள், அதுல தாம்பரம் சானடோரியமும் ஒண்ணு. 2017ல இருந்து எச்ஐவி உறுதியான எல்லாருக்கும் உடனே மாத்திரை. அதே வருஷம் பாகுபாட்டுக்கு எதிரா தனிச் சட்டம், 2018 செப்டம்பர்ல அமல்.

20/ இன்னைய நிலவரம் இதுதான்: தினமும் மாத்திரை போட்டா ஏறக்குறைய எல்லாரையும் போல ஆயுள். வைரஸ் அளவு பரிசோதனையில தெரியாத அளவுக்குக் குறைஞ்சு, அப்படியே நீடிச்சா உடலுறவு மூலமா இன்னொருத்தருக்குப் பரவாது. கர்ப்பிணி சரியா மாத்திரை போட்டா குழந்தைக்குத் தொற்று வராம பெரும்பாலும் தடுத்துடலாம். இது 'உயிர்க்கொல்லி' இல்ல. சர்க்கரை, பிரஷர் மாதிரி மாத்திரையோட வாழ்ற நோய்.

21/ ஆனா மருந்து மாறின வேகத்துல மக்கள் மனசுல இருந்த படம் மாறல. நம்பிக்கை மையத்துல டெஸ்ட் இலவசம், ரகசியம். இருந்தும் வரத் தயங்குறாங்க. உடம்பு எலும்பா ஆனப்புறம் வர்றாங்க. அப்போ அவங்க பார்க்கிறதுக்கு அந்தப் பழைய சுவர்ப் படம் மாதிரியே இருக்காங்க. படம் சரிதான்னு ஊர் நம்புது. இந்த வட்டத்தை மாத்திரையால மட்டும் உடைக்க முடியாது.

22/ அதனாலதான் இந்திரா நகர் சுவர் எனக்கு முக்கியம். மருந்து வந்ததுக்கப்புறம் சுவர் என்ன பேசணும் என்பதுக்கு அது ஒரு பதில். அதுல கட்டளை இல்ல, எச்சரிக்கை இல்ல. உங்களோட அதே ரயிலுக்குக் காத்திருக்கிறவங்க முகம் மட்டும் இருக்கு.

23/ அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2020ல, கண்ணகி நகர்ல இதே மாதிரி ஒரு வேலை நடந்தது. சென்னையோட பல பகுதிகள்ல இருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் குடியமர்த்தின இடம். 'கண்ணகி நகரா?'ன்னு கேட்டு வேலை தர மறுத்த ஊர் இது. அந்த அடுக்குமாடிச் சுவர்கள்ல பெரிய ஓவியங்கள் வரைஞ்சதும் வெளியாட்கள் பார்க்க வந்தாங்க. சுவருக்கு வண்ணம் அடிச்சா வேலை கிடைச்சுடாது, தண்ணி வந்துடாது. ஆனா ஊர்ப் பேரைச் சொல்லும்போது வர்ற தயக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

24/ அதே 2020ல கொரோனா வந்ததும் நாம பழைய புத்திக்கே திரும்பினதையும் சொல்லணும். ரோடு பூரா ராட்சச வைரஸ் படம், வீட்டுக் கதவுல ஸ்டிக்கர், சில தெருக்கள்ல தகரம். கதவுல ஸ்டிக்கர் ஒட்டின வீட்டுக்குப் பால்காரர் வரல. தொற்றால இறந்த டாக்டரை அடக்கம் பண்ணப் போனப்போ சென்னையில கல்லெறிஞ்சாங்க. டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் தலையிட்டு, உரிய உத்தரவு இல்லாம வீட்டு வாசல்ல போஸ்டர் ஒட்டக் கூடாதுன்னு சொல்ல வேண்டியிருந்தது.

25/ போலியோ 'எக்ஸ்' குறியும் கொரோனா ஸ்டிக்கரும் கதவுல போட்டதுதான். ஒண்ணு 'இந்த வீட்டுக்குத் திரும்ப வாங்க'ன்னு சொல்லுச்சு. இன்னொண்ணு 'இந்த வீட்டுக்கு வராதீங்க'ன்னு சொல்லுச்சு. சுகாதாரத் துறை 70 வருஷமா சுவர்ல எழுதினதை எல்லாம் இந்த ரெண்டு வகையில அடக்கிடலாம்.

26/ நான் இருக்கிறது ஏற்காடு மலையில. செம்மநத்தம் மாதிரி ஊர்களுக்கு ரயில் நிலையம் அளவுக்குச் சுவர் தேவையில்ல. பள்ளிக்கூடச் சுவர், அங்கன்வாடிச் சுவர், ரேஷன் கடைச் சுவர் போதும். இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒரு நோயோட பேர் வெளிய தெரிஞ்சா ஒளிஞ்சுக்க இடம் கிடையாது. நகரத்துச் சுவரை விட மலை ஊர்ச் சுவர்ல எழுதுறதுக்கு ரெட்டிப்புக் கவனம் வேணும்.

27/ உதாரணம் காசநோய். இருமி ரத்தம் துப்புற எலும்பு மனுஷன் படம் வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா, சளிப் பரிசோதனை இலவசம், சாதாரண காசநோய்னா 6 மாசம் மாத்திரையில குணமாகும்னு எழுதினா போதும். பக்கத்துல காபித் தோட்டத்துல வேலை பார்க்கிற, குணமாகி சிரிக்கிற ஒரு ஆள். நிஜ ஆளோட முகமா இருந்தா அவரோட முழுச் சம்மதம் அவசியம். இல்லைன்னா கற்பனை முகமே நல்லது.

28/ பள்ளி, பஞ்சாயத்து, ரோட்டரி, கல்லூரி மாணவர்கள் யாராவது சுவர் ஓவியம் திட்டமிட்டா இதை மட்டும் யோசிங்க: அந்த நோய் இருக்கிற ஒருத்தர் தினமும் அந்த வழியா நடந்து போவார். அதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் திரும்புவாரா, வீட்டுக்குத் திரும்புவாரா? வரையிறதுக்கு முன்னாடி அவங்கள்ல ஒருத்தரைக் கேளுங்க. பிளெக்ஸ் வந்தப்புறம் வேலை போன சுவர் ஓவியர் உங்க ஊர்லயே இருப்பார், அவரையும் கூப்பிடுங்க.

29/ எச்ஐவி சந்தேகம் எதுவா இருந்தாலும் இலவச உதவி எண் 1097. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையம் இருக்கு. பேர் வெளிய போகாது. உங்க ஊர் சுவர்ல நோய் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படம் எடுத்துக் கீழ போடுங்க, பார்ப்போம். வீட்டு எண், ஆளோட முகம் தெரியாம எடுங்க.