ஈதர்நெட் சிப்புக்கு ஒரு ஜாதகம்

பெரியநாயக்கன்பாளையம்னா லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் ஞாபகம் வராம இருக்காது. 1962-ல் ஆரம்பிச்ச கம்பெனி. நூற்பு மெஷின் ஒருதடவை மில்லுக்குள்ள போச்சுன்னா வருசக்கணக்கா ஓடணுமுங்க. வரைஞ்சவர் ரிட்டயர் ஆகியிருப்பார். ரிப்பேர்னு வந்தா டிராயிங்தான் பேசும். லினக்ஸிலும் இப்படி ஒரு டிராயிங் உண்டு. அதோட சரித்திரம்தான் இந்தப் பதிவு.

வீட்டு கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் கார்டைச் செருகினா, "நான் இன்னார்"னு அதுவே சொல்லிடும். குட்டி போர்டுகள்ல சிப்புக்குள்ளேயே இருக்கற ஈதர்நெட் கன்ட்ரோலருக்கு அந்த வாய் கிடையாது. எந்த முகவரி, எந்த இன்டரப்ட், கேபிள் பக்கம் பேசுற பிஎச்ஒய் சிப் எது - எல்லாத்தையும் யாராவது எழுதிக் குடுக்கணும்.

ஏஆர்எம் போர்டுகளுக்கு இதையெல்லாம் கெர்னலுக்குள்ளேயே, போர்டுக்கு ஒரு சி ஃபைல்னு எழுதிக் குவிச்சாங்க. 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் கடுப்பாகி சத்தம் போட்டார். அப்புறம்தான் 'டிவைஸ் ட்ரீ' பக்கம் ஏஆர்எம் வேகமா நகர்ந்துச்சு. சரக்கு பழசுதான். சன் கம்பெனியில் பிறந்து, 1994-ல் ஐஇஇஇ 1275 தரமாகி, பவர்பிசி லினக்ஸ் வழியா வந்தது. சுருக்கமா சொன்னா, வன்பொருளுக்கு ஒரு ஜாதகம். கெர்னல் அதைப் படிச்சுப் பலன் பார்த்துக்கும் :-)

பீகிள்போன் தெரியுமில்லீங்களா? 2011-ல் வந்த போர்டு. அதிலிருக்கற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சிப்பின் ஈதர்நெட் பகுதிக்குப் பேர் சிபிஎஸ்டபிள்யூ. 2012-ல் அதுக்கு டிரைவரும், ஜாதகம் எழுதற முறைக்கான ஆவணமும் லினக்ஸுக்குள் வந்தது. டிரைவரை எழுதினவங்க பட்டியல்ல ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கு. பார்த்ததும் ஒரு சின்ன சந்தோஷம்.

ஆவணத்துல முகவரி, இன்டரப்ட், ரெண்டு போர்ட் எல்லாம் சரியா இருந்துச்சு. கூடவே 'ஆர்எக்ஸ் டெஸ்க்ஸ்'னு ஒண்ணு, உதாரணத்துல 64. பாக்கெட் வாங்க எத்தனை இடம் ஒதுக்கணும்கற எண்ணிக்கை. இது சிப்போட குணமா? இல்லீங்க, டிரைவரோட இஷ்டம். டிராயிங்ல ஆபரேட்டர் எத்தனை மணிக்கு டீ குடிப்பார்னு எழுதின மாதிரி!

சும்மா அழிச்சுட்டுப் போகலாமேன்னு தோணும். அங்கதான் சிக்கல். ஃபீல்டுல ஓடற போர்டுல பழைய ஜாதகம் இருக்கும். புது கெர்னல் அதையும் புரிஞ்சுக்கணும்கறது விதி. ஆர்எக்ஸ் டெஸ்க்ஸ் பின்னாடி நீங்கிடுச்சு. ஆனா பிஎச்ஒய்யைச் சுட்டுற பழைய முறையை, புது முறை வந்த பிறகும் 'இனி வேண்டாம்'னு குறிச்சு வெச்சுக்கிட்டேதான் ஓட்டினாங்க.

எழுதினது சரியா இருந்தாலும் வன்பொருள் ஏமாத்தும். 2013-ல் வந்த பீகிள்போன் பிளாக்கில் பிஎச்ஒய் முகவரி 0-ன்னு எழுதியிருக்கும். ரீசெட் நேரத்துல சில பின்களின் நிலையைப் பார்த்துத்தான் அந்தச் சிப் தன் முகவரியை முடிவு பண்ணும். சில சமயம் பின் நிலை தப்பிப்போய் 2-ல் போய் உட்கார்ந்துக்கும். போர்டு பூட் ஆகும், நெட்வொர்க் மட்டும் இருக்காது.

2020 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.5-ல் அதே சிப்புக்குப் புது டிரைவர் சேர்ந்துச்சு. அதோட ஆவணம் யாமல் வடிவம். எழுதின ஜாதகம் விதிப்படி இருக்கான்னு மெஷினே சரிபார்க்கும். ஆனா எது சிப்போட குணம், எது நம்ம சௌகரியம்னு மெஷினுக்குத் தெரியாது. அதைப் பிரிச்சு எழுதறது இன்னும் ஆள் வேலைதான். அந்த வேலை செய்யற நண்பர்கள் யாராவது படிச்சா, நீங்க பார்த்த 'டீ டைம்' வரிகளைப் பின்னூட்டத்துல சொல்லுங்க.