கூடி அமர்ந்த மருத்துவம்

பல்லடத்தில் தறிச்சத்தம் கேளாத தெரு அரிது. பாவு பிணைப்பவர், தறி ஓட்டுபவர், பழுது பார்க்கும் மிஸ்திரி, துணியை விரித்துக் குறை காண்பவர் எனப் பலர் கைபட்டே இங்கு ஒரு துணி உருவாகிறது. பலர் கூடிச் செய்யும் தொழில் நமக்குப் புதிதன்று. ஆயினும், நோய் என்று வந்துவிட்டால் ஒரு மருத்துவரும் ஒரு மருந்துச் சீட்டும் போதும் என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் பொய்த்துப்போகும் நோய் ஒன்றின் வரலாற்றை இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பனியன் கம்பெனி ஒன்றில் இஸ்திரி மேசையில் பணிபுரிந்த இளந்தாய் ஒருவரை அவரது இல்லத்தில் சந்தித்தோம். ஒரு கண்ணில் பார்வை மங்கித் தெளிந்தது. பின்னர்க் கால்கள் மரத்தன. நடை தள்ளாடியது. நண்பகல் வெயிலில் எழுந்து நிற்கவும் இயலாத அயர்ச்சி. உறவினர் சிலர் அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டனர். கண்ணுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், சிறுநீர்க் கோளாற்றுக்கு ஒருவர் என ஈராண்டுகள் அலைந்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்; தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்பர். பை நிறைய மருத்துவ அறிக்கைகளை நம்முன் வைத்துவிட்டு அவருடைய கணவர் சொன்னார்: "எல்லா டாக்டருமே நல்லவங்கதானுங்க சாமி. ஆனா அவிங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டதே இல்லீங்க." அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை.

மின்கம்பியின் மேலுறைபோல் நரம்பிழைகளைச் சுற்றியும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி, மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வுறையை அரிப்பதுதான் இந்நோய். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரை, ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது.

ஹாலந்து நாட்டு ஸ்கீடாம் நகரில் 1380இல் பிறந்த புனித லிட்வினாவை வாசகர் சிலர் அறிந்திருக்கலாம். பதினைந்து வயதளவில் பனிக்கட்டியின் மேல் சறுக்கி விளையாடுகையில் விழுந்தார். அதன்பின் படிப்படியாக நடை குன்றி, பார்வை குன்றி, 1433இல் இறக்கும்வரை படுக்கையிலேயே வாழ்ந்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்ந்த 20ஆம் நூற்றாண்டு மருத்துவர் சிலர், அது இந்நோயாக இருந்திருக்கலாம் எனக் கருதினர். இது ஊகமே, உறுதியன்று. அவரது படுக்கையருகே ஆறுதல் இருந்தது, மருத்துவம் இல்லை.

1868இல் பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் பேராசிரியர் இதனைத் தனி நோயாக வகுத்து விளக்கினார். 1890இல் ஊட்தோஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர், உடற்சூடு ஏறுகையில் இந்நோயாளரின் பார்வை மங்குவதைப் பதிவு செய்தார். பெயர் கிடைத்தது, குணமாக்கும் வழி கிடைக்கவில்லை. நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்ததே 1993இல்தான். அதன்பின் பல மருந்துகள் வந்துள்ளன. எனினும், வேரோடு களையும் மருந்து இன்றும் இல்லை.

குணமாக்க இயலாதபோது மருத்துவம் என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடை தேடியோருள் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத் தனி இடம் உண்டு. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கு நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். அதே வளாகத்தில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக் கொண்டிருந்தார். கத்தியின் வேலை முடிந்ததும் விரல் தானே இயங்கிவிடாது என்பதை அவர் கண்டார். இயன்முறைப் பயிற்சி தருபவரும், புண்படாத காலணி செய்பவரும், கைத்தொழில் கற்பிப்பவரும் உடன் தேவைப்பட்டனர்.

1954இல் அக்கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் பயணம் செய்த வண்டி கவிழ்ந்தது. தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழ் செயலற்றுப் போனார். பிராண்ட் ஊக்குவிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க் நிறுவனத்தில் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது, 1986இல் மறைந்தார். அவருக்கு நேர்ந்தது நாம் பேசும் நோயன்று. ஆயினும், அவர் வளர்த்த மறுவாழ்வு முறையே இந்நோயாளருக்கும் வேண்டியது. அவரிடம் மற்றொரு பாடமும் உண்டு: நோயுற்றவர் அக்குழுவின் வேலைப்பொருள் அல்லர், அதன் உறுப்பினர்.

குழு என்ன செய்யும் என்பதற்கு அந்த இளந்தாயையே எடுத்துக்கொள்வோம். சிறுநீரை அடக்க இயலாத கூச்சத்தால் அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அதனால் தொற்று வந்தது. காய்ச்சல் ஏறியதும் கால்கள் மேலும் தளர்ந்தன. நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் அழுதனர். தனிமையில் பரிவோடு கேட்கும் செவிலியர் ஒருவர் இருந்திருந்தால் அந்தச் சங்கிலி முதற்கண்ணியிலேயே அறுந்திருக்கும். நரம்பியல் மருத்துவர் மருந்தைத் தேர்ந்து தருவார். இயன்முறையாளர் நடையைச் சீராக்குவார். அன்றாட வேலைகளை எளிதாக்கப் பயிற்றுபவர், இஸ்திரியின் அனல் இவருக்கு ஆகாது, உட்கார்ந்து பிசிறு வெட்டும் வேலை தரலாம் என்பார். உளவியல் ஆலோசகர் அவரது அச்சத்தைக் கேட்பார். சமூகப் பணியாளர் மாற்றுத்திறனாளி சான்றுக்கு வழிகாட்டுவார். 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் இந்நோயும் ஒன்று. இவர்கள் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுவதுதான் சிகிச்சையின் பாதி. 1985இல் மும்பையில் தோன்றிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம், நோயாளரும் குடும்பத்தாரும் ஒருவருக்கொருவர் துணைநிற்கவும் வழி செய்தது.

இத்தகைய குழு எல்லா ஊர்களிலும் இல்லை. அதற்காக நாம் வாளாவிருத்தல் தகுமோ? தள்ளாடி நடப்பவரைக் குடிகாரர் என்றும், அயர்ந்து அமர்பவரைச் சோம்பேறி என்றும் தீர்ப்பிடாதிருக்க எந்த மருத்துவமனையும் தேவையில்லை. அறிக்கைகளை நாள்வாரியாக அடுக்கித் தரவும், மருத்துவரிடம் உடன் சென்று 'முன்னவர் சொன்னதைப் பார்த்தீர்களா?' என்று கேட்கவும், வேலை மாற்றித் தருமாறு முதலாளியிடம் பேசவும் அடுத்த வீட்டாரால் இயலும்.

அந்த இளந்தாய் இன்று கோல் ஊன்றி நடக்கிறார். காலை வெயில் ஏறுமுன் வேலைக்குச் சென்று, நண்பகலுக்குள் திரும்பிவிடுகிறார். அவருடைய மேற்பார்வையாளர் ஒரு நாற்காலியும் மின்விசிறியும் ஒதுக்கித் தந்துள்ளார். மருத்துவம் பயிலாத அம்மனிதரையும் நாம் அக்குழுவில் சேர்த்தே எண்ணுகிறோம்.